வன்னியிலிருந்து கொழும்புக்கு ஒரு நாள்: வாசகர் கேள்வியும் பதிலும்

பாடசாலை விடுமுறை நெருங்குவதால் போலும், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைப் பற்றியவை. சொந்த வாகனமின்றி, பஸ்ஸையும் ரயிலையும் மட்டும் நம்பி, தலைநகருக்குப் போய் அன்றே திரும்ப முடியுமா என்பதே அது. அவற்றுள் ஐந்தைத் தெரிந்து விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் கணவன், மனைவி, எட்டாம் தரத்திலும் ஐந்தாம் தரத்திலும் படிக்கும் இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் இதுவரை கொழும்பைப் பார்த்ததில்லை. அங்கே தங்குவதற்கு உறவினர் வீடு இல்லை. விடுதியில் தங்கவும் வசதி இல்லை. அருங்காட்சியகம், தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, தாமரைக் கோபுரம், காலிமுகத்திடல் ஆகியவற்றைப் பார்த்து, புறக்கோட்டையில் உடுப்பும் வாங்கிக்கொண்டு ஒரே நாளில் திரும்ப முடியுமா?
வாசகி ஒருவர், முள்ளியவளை

பதில்: திரும்பலாம், சகோதரி. ஆனால் நீங்கள் எழுதியுள்ள ஐந்தில் இரண்டை இப்போதே விட்டுவிட வேண்டும். மிருகக்காட்சிச்சாலை கோட்டையிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கு மேல் தெற்கே இருக்கிறது. சிறு பிள்ளைகளோடு அதைச் சுற்றிப் பார்க்க அரை நாள் வேண்டும். உடுப்பு வாங்க முல்லைத்தீவிலிருந்து கொழும்பு வரை போகத் தேவையில்லை. வவுனியாக் கடைகளில் கிடைக்காத எதையும் இரண்டு மணித்தியால அவசரத்தில் புறக்கோட்டையில் தேடிப் பிடிக்கப் போவதுமில்லை. இந்த இரண்டையும் நீக்கினால் மிகுதி மூன்றும் ஒரே வட்டத்துக்குள் வந்துவிடும்.

ஒருநாட் பயணத்தைத் திட்டமிடும்போது போவதிலிருந்து தொடங்காமல் திரும்புவதிலிருந்து தொடங்குங்கள். எந்த வண்டியில் ஊருக்குத் திரும்பப் போகிறோம், அது எத்தனை மணிக்கு எங்கிருந்து புறப்படுகிறது, அதில் நான்கு ஆசனங்கள் உறுதியா என்பவற்றை முதலில் தீர்மானித்த பிறகே, பகலில் எதைப் பார்ப்பது என்ற பேச்சுக்கு வர வேண்டும். காலையில் போகும் வண்டி தவறினால் அடுத்த வண்டி உண்டு. இரவில் திரும்பும் வண்டி தவறினால், தங்க இடமில்லாத ஒரு குடும்பம் பிள்ளைகளோடு தெருவில் நிற்க நேரும்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இரு வழியும் இரவு பஸ். மாங்குளம் வரை போய் ரயிலில் ஏறலாம் என்பது உண்மைதான். போகும்போது அது சுகமான வழியுமாகும். ஆனால் திரும்பும்போது இரவு ரயில் நடுச்சாமம் கடந்த பிறகே மாங்குளத்தில் உங்களை இறக்கிவிடும். ஒட்டுசுட்டான் பாதையில் அந்த நேரத்துக்குப் பஸ்ஸும் இல்லை. யானை நடமாடும் பகுதியில் ஆட்டோ தேடுவதும் நல்லதல்ல. கொழும்பிலிருந்து முல்லைத்தீவுக்கு வரும் இரவு பஸ்ஸோ உங்களை முள்ளியவளையிலேயே இறக்கிவிடும்.

போகும் பஸ்ஸைத் தெரிவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நேரத்தோடு புறப்படும் பஸ், வீதியில் நெரிசல் இல்லாத இரவில், விடிவதற்கு வெகு முன்னரே புறக்கோட்டையை அடைந்துவிடும். இருளில் பிள்ளைகளோடு அங்கே இறங்கிக் காத்திருப்பது யாருக்கும் விருப்பமானதல்ல. ஆகவே இரண்டு பஸ்கள் இருந்தால் பிந்திப் புறப்படுவதில் ஆசனம் பதியுங்கள். அப்படியும் இருட்டில் இறங்க நேர்ந்தால், பஸ் தரிப்பிடத்தில் நில்லாமல், வெளிச்சமும் ஆட்களும் உள்ள கோட்டை ரயில் நிலையத்துக்குள் போய்விடுங்கள். பெயர் கோட்டை என்றிருந்தாலும் அந்நிலையம் இருப்பது புறக்கோட்டையில்தான். பஸ் நிலையங்களிலிருந்து நடக்கும் தூரம். அங்கே மலசலகூடமும் பொதிகளைப் பணம் கொடுத்து வைத்துவிட்டுப் போகும் அறையும் உண்டு. கைப்பை ஒன்றைத் தவிர மற்றவற்றை அங்கே விட்டுவிட்டால் நாள் முழுவதும் தோள் வலிக்காது.

விடிந்ததும் கரையோரப் பாதை ரயிலில் வெள்ளவத்தைக்குச் சீட்டு எடுங்கள். காலையில் அலுவலகக் கூட்டம் கோட்டையை நோக்கி வரும். கோட்டையிலிருந்து தெற்கே போகும் வண்டிகளில் அந்தளவு நெரிசல் இராது. பிள்ளைகளை வலப்பக்க யன்னலருகே இருத்துங்கள். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று கடலை ஒட்டியே தண்டவாளம் ஓடும்; கரையில் போட்டிருக்கும் கருங்கற்களில் அலை அடித்துச் சிதறுவதை யன்னலிலிருந்தே பார்க்கலாம். கடலைக் கண்டு வளர்ந்த முல்லைத்தீவுப் பிள்ளைகளுக்குக் கூட, மணற்பரப்பு இல்லாமல் வீடுகளின் வாசல்வரை வந்து நிற்கும் அந்தக் கடல் புதிதாக இருக்கும். இறங்கும்போது சீட்டை எறிந்துவிடாதீர்கள். வெளிவாசலில் அதைக் கேட்டு வாங்குவார்கள்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கு ஏறினால் தமிழ் கேட்கும். காலையிலேயே திறந்திருக்கும் சைவ உணவகங்களும் உண்டு. சாப்பிட்டு முகம் கழுவிய பிறகு, புறக்கோட்டை நோக்கிப் போகும் 100 அல்லது 101ஆம் இலக்க பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிக்கு வந்து, அங்கிருந்து ஆட்டோவில் கறுவாத்தோட்டத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்விடலாம். அது காலை ஒன்பது மணிக்குத் திறக்கும்.

இந்நாளின் மையமாக அருங்காட்சியகத்தையே வைக்கும்படி வற்புறுத்திச் சொல்கிறேன். 1877ஆம் ஆண்டு, ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தில் பார்க்க எவ்வளவோ உண்டு. எனினும் காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டின் முன் பிள்ளைகளைச் சற்று நேரம் நிறுத்துங்கள். தலைப்பாகத்தில் இரண்டு டிராகன்கள் எதிரெதிராகச் செதுக்கப்பட்ட அந்தப் பலகைக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் உள்ளன. சீனக் கடற்தளபதி செங் ஹேயின் பயணங்களின்போது, 1409ஆம் ஆண்டுத் தேதி இடப்பட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது அது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னிலங்கையின் தேவுந்துறையில் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கைகளைச் சொல்கின்றன. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் சீனாவிலிருந்து வந்தவர்கள் இத்தீவில் பேசுவதற்குத் தமிழையும் தெரிவு செய்தார்கள் என்பதைப் பாடப்புத்தகத்தில் படிப்பது வேறு, கல்லில் பார்ப்பது வேறு. பொலனறுவையில் கிடைத்த நடராசர் முதலிய சைவ வெண்கலச் சிலைகளும் அங்கேயே இருக்கின்றன. எட்டாம் தரப் பிள்ளையிடம் ஒரு குறிப்புப் புத்தகத்தைக் கொடுத்துவிடுங்கள்.

மதியத்துக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன சாப்பாட்டை அருகிலுள்ள விகாரமாதேவிப் பூங்காவில் சாப்பிட்டு, வெயில் தணியும்வரை மரநிழலில் இருங்கள். முதல் நாள் இரவு சரியாக உறங்காத பிள்ளைகளுக்கு இந்த ஓய்வு அவசியம். இதைச் சுருக்கி இன்னோர் இடத்தைச் சேர்த்தால் மாலையில் அழுகைதான் மிஞ்சும். நாலு மணியளவில் காலிமுகத்திடலுக்கு ஆட்டோவில் போங்கள். அங்கிருந்து கோட்டை நிலையத்துக்கு, பழைய பாராளுமன்றக் கட்டடத்தைக் கடந்து, நடந்தே வரலாம். தாமரைக் கோபுரம் நிலையத்திலிருந்து வெகு தூரமில்லை, இரவிலும் திறந்திருக்கும். பஸ்ஸுக்கு நேரம் தாராளமாக இருந்தால் மட்டும் மேலே ஏறுங்கள். இல்லாவிட்டால் கீழே நின்று பார்த்தாலும் குறைவில்லை. கொழும்பின் பல இடங்களிலிருந்து அது தெரியும்; பகலிலேயே பிள்ளைகள் அதைப் பலமுறை பார்த்திருப்பார்கள்.

கேள்வி: ரயிலா பஸ்ஸா சிறந்தது? ரயிலில் ஆசனம் பதிவது எப்படி? போன முறை சீட்டு எடுத்தும் வவுனியா தாண்டி மதவாச்சி வரை நின்றுகொண்டே போனேன்.
வாசகர் ஒருவர், தர்மபுரம், கிளிநொச்சி

பதில்: பயணச் சீட்டு வேறு, ஆசனப் பதிவு வேறு. நிலையத்தில் அந்நேரம் எடுக்கும் சாதாரணச் சீட்டு வண்டியில் ஏறும் உரிமையை மட்டுமே தரும். இருக்கை கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம். முன்பதிவு செய்த சீட்டில் பெட்டியின் இலக்கமும் ஆசன இலக்கமும் இருக்கும். இதை ரயில்வே திணைக்களத்தின் இணையத்தளத்திலோ, பதிவு வசதியுள்ள நிலையங்களிலோ பல நாள்களுக்கு முன்பே செய்யலாம். பதியும்போது அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்பார்கள்; ஆகவே வேறொருவருடைய பெயரில் சீட்டு வாங்காதீர்கள், பயணத்தன்று அட்டையை மறக்காதீர்கள்.

கிளிநொச்சியில் இருப்பவருக்கு, ஆசனம் கிடைத்தால், ரயிலே மேல் என்பது என் எண்ணம். 1990இல் வடக்குப் பாதை வவுனியாவோடு நின்றுபோனது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014இல் பளைக்கும் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியில் காங்கேசன்துறைக்கும் மீண்டும் ரயில் வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ரயிலே இல்லாதிருந்த ஊர் என்பதால் நம்மில் பலருக்கு இன்றும் பஸ்தான் கைவந்த வழியாக இருக்கிறது. வயதானவர்கள் எழுந்து நடக்கவும், பெண்களும் பிள்ளைகளும் மலசலகூடம் போகவும் ரயிலில் முடியும். பஸ்ஸில் அதற்குச் சாரதி நிறுத்தும் இடம்வரை காத்திருக்க வேண்டும்.

ஆயினும் ரயிலை நம்பிப் புறப்படுமுன் அது ஓடுகிறதா, எத்தனை மணிக்கு என்பதை அந்த வாரத்திலேயே நிலையத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். 2023இல் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையிலும், 2024இல் மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையிலும் திருத்த வேலைகளுக்காகப் பாதை மாதக்கணக்கில் மூடப்பட்டிருந்தது. பழைய கால அட்டவணையைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு அதையே நம்புவோர் நிலையத்துக்குப் போய் ஏமாந்து திரும்புகிறார்கள். நல்லூர்த் திருவிழாக் காலம், மடு ஆவணித் திருநாள், தைப்பொங்கல், நீண்ட வார விடுமுறை ஆகியவற்றில் பதிவு தொடங்கியவுடனேயே ஆசனங்கள் தீர்ந்துவிடும். அந்த நாள்களில் சுற்றுலாப் போக நினைப்பதையே தவிர்க்கலாம்.

பஸ்ஸில் நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் கேட்டால் சீட்டைக் கேட்டு வாங்கி, பஸ் இலக்கத்தையும் குறித்துக்கொண்டு, தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 இலக்கத்துக்கு முறைப்பாடு செய்யுங்கள். சண்டை பிடிப்பதிலும் பார்க்க அது பயன் தரும்.

கேள்வி: அம்மாவை மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு மாதாந்தக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்ல வேண்டியிருக்கிறது. வாகனம் பிடிக்கப் பணமில்லை. பஸ்ஸில் போய் அன்றே திரும்பலாமா?
வாசகர் ஒருவர், மல்லாவி

பதில்: முதலில் ஒரு கேள்வியை வைத்தியரிடம் கேளுங்கள்: இந்தத் தொடர் சிகிச்சையை அல்லது பரிசோதனையைத் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றித் தர முடியுமா? எல்லா நோயாளருக்கும் அது பொருந்தாது. மஹரகமவில்தான் செய்ய வேண்டிய சிகிச்சைகளும் உண்டு. ஆனால் கேட்காததால் மட்டும் மாதாமாதம் கொழும்புக்கு அலையும் குடும்பங்கள் நம் பகுதியில் இருக்கின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மஹரகமவுக்கே போக வேண்டுமென்றால், இரவு ரயிலில் முன்பதிவு செய்த ஆசனத்தில் கோட்டைக்குப் போங்கள். மல்லாவியிலிருந்து மாங்குளம் நிலையம் தூரமில்லை. உங்கள் ரயில் அங்கே நிற்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். புறக்கோட்டையிலிருந்து மஹரகமவுக்கு 138ஆம் இலக்க பஸ் அடிக்கடி ஓடுகிறது. அது புறப்படும் இடத்திலேயே ஏறினால் அம்மாவுக்கு இருக்கை கிடைக்கும். இடைவழியில் ஏறினால் கிடைக்குமென்று சொல்ல முடியாது. மஹரகமச் சந்தியில் இறங்கி, நடக்க முடியாதவராயின் ஆட்டோவில் வைத்தியசாலை வாசலுக்குப் போங்கள். ஆட்டோவில் ஏறுமுன் மீற்றர் உண்டா என்று பாருங்கள். கைப்பேசியில் ஆட்டோ அழைக்கும் பிக்மி செயலி இருந்தால் எவ்வளவு ஆகும் என்பது ஏறுமுன்பே தெரிந்துவிடும்.

கிளினிக் கொப்பி, பழைய அறிக்கைகள், அவற்றின் பிரதிகள், அன்றைய மருந்து ஆகியவை எப்போதும் உங்கள் மடியில் இருக்கும் பையில் இருக்க வேண்டும். பஸ்ஸின் மேற்தட்டில் வைக்கும் பையிலோ பொதி அறையிலோ அவற்றை வைக்க வேண்டாம். குளிர்ந்த காற்றைத் தாங்க ஒரு போர்வையும், வாந்தி வந்தால் பாவிக்க இரண்டு மூன்று பைகளும், வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள்.

அன்றே திரும்புவதைப் பொறுத்தவரை, பரிசோதனைக்கு மட்டும் போகும் நாளில் அது இயலும். மருந்து ஏற்றும் நாளில் வேண்டாம். உடம்பு தளர்ந்த நிலையில் மீண்டும் ஓர் இரவு முழுவதும் இருந்துகொண்டு வருவது அம்மாவுக்குத் துன்பம். அந்த நாள்களில் ஒரு நாள் தங்குவதற்கான இடத்தை வைத்தியசாலைத் தாதியரிடமே விசாரியுங்கள். தூர இடங்களிலிருந்து வருவோர் எங்கே தங்குகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: கொழும்பு 3இல் ஒரு நிறுவனத்தில் காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. தனியாகப் போகிறேன். எனக்குச் சிங்களம் தெரியாது, பயமாக இருக்கிறது.
வாசகி ஒருவர், நெடுங்கேணி

பதில்: பயம் வேண்டாம், தங்கச்சி. கொழும்பின் முகவரிகளில் வரும் இலக்கமே பாதி வழியைச் சொல்லிவிடும். 3 என்றால் கொள்ளுப்பிட்டி, 4 பம்பலப்பிட்டி, 6 வெள்ளவத்தை, 7 கறுவாத்தோட்டம், 11 புறக்கோட்டை, 13 கொட்டாஞ்சேனையும் கொச்சிக்கடையும். உங்களுடைய இடம் கரையோர ரயில் பாதையிலும் காலி வீதியிலும் வருகிறது. கோட்டையிலிருந்து ரயிலில் ஏறினால் சில நிலையங்களிலேயே கொள்ளுப்பிட்டி வந்துவிடும். பஸ்ஸில் போனால் ஊர்ப்பெயரைப் பார்க்காமல் இலக்கத்தைப் பாருங்கள். 100, 101 இரண்டும் அவ்வழியே போகும்.

நிறுவனத்தின் முகவரியைச் சிங்களத்தில் யாரையாவது கொண்டு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதுவித்து வைத்திருங்கள். நடத்துநரிடம் அதைக் காட்டி, இடம் வந்ததும் சொல்லும்படி சைகையால் கேட்டாலே போதும். பெரும்பாலானோர் நினைவாக இறக்கிவிடுவார்கள். தமிழில் கேட்கவும் தயங்காதீர்கள். கொழும்பில் தமிழ் பேசுவோர் ஏராளம். பஸ்ஸில் உங்களுக்கு அருகில் இருப்பவரே தமிழராகவோ முஸ்லிமாகவோ இருக்கக்கூடும். இருபது, ஐம்பது, நூறு ரூபாத் தாள்களைத் தனியே வைத்திருங்கள். ஐயாயிரம் ரூபாத் தாளை நகர பஸ்ஸில் நீட்டினால் மிச்சம் கிடைக்காமல் சங்கடப்படுவீர்கள்.

பத்து மணிக்குத் தேர்வு என்றால் அன்று அதிகாலை நெடுங்கேணியிலிருந்து புறப்பட்டுச் சேர முடியாது. முதல் நாள் இரவே வவுனியாவிலிருந்து ஏற வேண்டும். ஒரு சோடி உடுப்பை மடித்துப் பையில் வைத்து, கொள்ளுப்பிட்டியிலோ காலிமுகத்திடலுக்கு எதிரேயோ உள்ள பெரிய வணிகத் தொகுதி ஒன்றில் முகம் கழுவி உடை மாற்றலாம். அவை திறக்கும் நேரம் பிந்தினால் கோட்டை நிலையத்தின் பெண்கள் பகுதியிலேயே மாற்றிக்கொண்டு புறப்படுங்கள். மாலையில் திரும்பும்போது, அலுவலகம் விடும் நாலரை மணிக்குப் பிறகு எந்த வண்டியிலும் நெரிசல்தான். கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், முடிந்தால் மூன்றரைக்கே புறக்கோட்டைக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: கடவுச்சீட்டு எடுக்கவும், மகனின் சான்றிதழ்களை வெளிநாட்டுக்காக அத்தாட்சிப்படுத்தவும் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கொழும்பில் முடிக்கலாமா?
வாசகர் ஒருவர், செட்டிகுளம்

பதில்: இரண்டுக்குமே நீங்கள் கொழும்புக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு. செட்டிகுளத்திலிருந்து காலையில் பஸ் ஏறினால் அலுவலகம் திறக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். சான்றிதழ் அத்தாட்சிக்கு, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தில் பிராந்திய அலுவலகத்தை நடத்துகிறது. வவுனியாவிலிருந்து ஏ9 வழியாக யாழ்ப்பாணம் போய் அன்று மாலையே திரும்புவது சிரமமில்லாத பயணம்.

எந்த எந்தச் சான்றிதழுக்கு முதலில் எந்தத் திணைக்களத்தின் ஒப்பம் வேண்டும் என்பதைப் புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். பரீட்சைச் சான்றிதழுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் நடைமுறை ஒன்றல்ல. போயா தினத்தையும் அரச விடுமுறையையும் நாட்காட்டியில் பார்த்து, வெள்ளிக்கிழமையையும் தவிர்த்து, வாரத்தின் நடுவில் ஒரு நாளைத் தெரியுங்கள்; ஏதாவது ஒரு பத்திரம் குறைந்துபோனால் மறுநாளே திரும்பப் போய்க் கொடுக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது, வவுனியாவில் செட்டிகுளத்துக்கான கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே அந்தத் தரிப்பிடத்தில் கேட்டு வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.